ஏரி உள்வாயா, ஆயக்கட்டா, ஆற்றோரமா, மேடா? சென்னைப் புறநகரில் மனை வாங்குவோருக்கு ஓர் ஒப்பீடு

தாம்பரத்துக்கு மேற்கிலும் தெற்கிலும், ஆவடி, பூவிருந்தவல்லிப் பக்கங்களிலும் மனை தேடுகிறவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கிறது. சேமிப்பும் வங்கிக் கடனும் சேர்ந்து எட்டக்கூடிய விலையில் மூன்று, நான்கு இடங்கள் அமைந்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் பட்டா உண்டு, மனைப்பிரிவு அனுமதி உண்டு, வாசலில் சாலை உண்டு. பார்க்கப் போனது ஏப்ரலிலோ மே மாதத்திலோ என்பதால் எல்லா இடமும் ஒரே போலக் காய்ந்து கிடக்கிறது. "இதில் எங்கே தண்ணீர் நிற்காது, சொல்லுங்கள்" என்கிறார்கள். நிலமட்டம் எடுத்துக் கொடுப்பதைத் தொழிலாகக் கொண்ட என்னால் இதற்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடிந்ததில்லை. எந்த மட்டம் வரை வரும், எத்தனை நாள் நிற்கும், எந்த வழியாகப் போகும் என்ற மூன்றையும் தனித்தனியாகப் பார்த்தால்தான் இரண்டு மனைகளை நேர்மையாக ஒப்பிட முடியும்.

செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களின் நிலம் தொடர் ஏரிகளால் பின்னப்பட்டது. மேல் ஏரி நிரம்பினால் அதன் மிகைநீர் கலங்கல் வழியாக, அதாவது கரையில் அதற்கென்றே தாழ்வாகக் கட்டிய கல்வரிசையின் மேலாக, வழிந்து கீழ் ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் அதற்கும் கீழே உள்ளதற்குப் போகும். கடைசியில் ஓர் ஆற்றையோ சதுப்பு நிலத்தையோ சேர்ந்து கடலுக்குள் இறங்கும். ஆகவே இந்தப் பகுதியில் விற்பனைக்கு வரும் எந்த மனையையும் நான்கு இடங்களில் ஒன்றில் வைத்துவிடலாம்: கரைக்கு உட்புறம் உள்ள ஏரி உள்வாய், கரைக்குக் கீழே ஏரித் தண்ணீர் பாய்ந்த ஆயக்கட்டு, ஆற்றோரம், இவை மூன்றுக்கும் மேலே உள்ள மேடு. நான்கிலும் மக்கள் வீடு கட்டி வாழ்கிறார்கள். ஒவ்வொன்றும் எதைக் கேட்கும், எதைக் கொடுக்கும் என்பதே இங்கே பார்க்க வேண்டியது.

## முதலில் அளவுகோல்கள்

நீர்ப்பிடிப்புப் பரப்பு. ஓர் இடத்தை நோக்கி எவ்வளவு நிலத்தின் மழைநீர் திரண்டு வருகிறதோ அதுவே அந்த இடத்தின் நீர்ப்பிடிப்பு. உங்கள் மனையில் பெய்யும் மழை இதில் மிகச் சிறிய பங்கு. ஒரு கிரவுண்டில், அதாவது 2,400 சதுர அடியில், 10 செ.மீ. மழை பெய்தால் சேர்வது ஏறத்தாழ 22,300 லிட்டர். இரண்டு தண்ணீர் லாரி கொள்ளும் அளவு. அதை ஒரு குடும்பம் சமாளித்துவிடலாம். வீட்டுக்குள் புகுந்து பீரோவை மிதக்க விடுவது மேலே இருந்து வரும் தண்ணீர்.

வழிந்தோடும் பங்கு. பெய்த மழையில் மண் உறிஞ்சியது போக மேற்பரப்பில் ஓடுவது எவ்வளவு என்பதைப் பொறியாளர்கள் 0 முதல் 1 வரையிலான ஓர் எண்ணால் குறிப்பார்கள். 10 ஏக்கர் வயலில் மணிக்கு 60 மி.மீ. வீதம் மழை பெய்வதாகக் கொள்வோம். அந்த எண் 0.3 என்றால் நொடிக்கு ஏறத்தாழ 200 லிட்டர் வழிந்தோடும். அதே 10 ஏக்கர் தார்ச்சாலையும் மொட்டை மாடியும் சிமெண்டு வாசலுமாக மாறி அந்த எண் 0.8 ஆகிவிட்டால் நொடிக்கு 540 லிட்டர்; 12,000 லிட்டர் கொள்ளும் லாரி 22 நொடியில் நிரம்பும் வேகம் அது. தவிர, வழுவழுப்பான பரப்பில் தண்ணீர் விரைந்து ஓடுவதால் நீர் திரளும் நேரமும் குறைந்து, எல்லா வீட்டுத் தண்ணீரும் ஒரே சமயத்தில் வடிகால் வாயில் வந்து முட்டுகிறது. இன்றைக்கு நீங்கள் பார்க்கும் மனைக்கு மேலே இன்னும் வயலாக இருப்பது பத்து ஆண்டுகளில் என்னவாகும் என்பதையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

மீள்வருகைக் காலம். நூறாண்டு வெள்ளம் என்ற சொல் மிகவும் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டிருக்கிறது. 2015-ல் வந்துவிட்டதால் இனி 2115 வரை கவலையில்லை என்று ஒரு மனை விற்பனையாளர் ஒரு குடும்பத்திடம் சொல்லிக்கொண்டிருந்ததைப் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். நூறாண்டு வெள்ளம் என்றால் எந்த ஓர் ஆண்டிலும் அந்த அளவோ அதற்கு மேலோ வருவதற்கு 1 விழுக்காடு வாய்ப்பு என்பதே பொருள். அந்த வீட்டில் 30 ஆண்டு வாழ்கிறீர்கள் என்றால், அதற்குள் ஒரு முறையாவது அதைச் சந்திக்கும் வாய்ப்பு 26 விழுக்காடு. பத்தாண்டு வெள்ளத்தைச் சந்திக்கும் வாய்ப்பு கிட்டத்தட்ட 96 விழுக்காடு. தெருவோர மழைநீர் வடிகால்களைப் பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து ஆண்டு மீள்வருகை கொண்ட மழைக்கே வடிவமைக்கிறார்கள் என்பதால், புதிய வடிகால் கட்டியிருக்கிறார்கள் என்ற ஒரு செய்தியை வைத்து மட்டும் இடத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது.

மட்டங்கள். இந்த ஒப்பீட்டின் முதுகெலும்பு இதுதான். ஏரியின் முழு நீர்மட்டம், அதைத் தீர்மானிக்கும் கலங்கல் மட்டம், கரையின் உச்சி, வடிகாலின் அடிமட்டம், அது போய்ச் சேரும் ஆறு அல்லது கால்வாயின் வெள்ள மட்டம், உங்கள் வீட்டின் பேஸ்மட்டம் ஆகிய எல்லாவற்றையும் கடல்மட்டத்திலிருந்து ஒரே அளவுகோலில் எழுதிப் பார்க்க வேண்டும். "சாலையிலிருந்து 3 அடி உயரம்" என்பது அளவே ஆகாது. சாலையே பள்ளத்தில் கிடக்கலாம். மேலும் சாலை ஒவ்வொரு முறை போடும்போதும் உயர்கிறது.

ஆழம், வேகம், நாள். ஒரு முழம் ஆழத்தில் ஐந்து நாள் நிற்கும் தண்ணீரும், ஆள் உயரத்தில் ஆறு மணி நேரம் ஓடும் தண்ணீரும் ஒரே வகைத் துன்பம் அல்ல. முதலாவது பொருளையும் சுவரையும் கெடுக்கிறது. இரண்டாவது உயிரைக் கேட்கிறது.

வெளியேறும் வழி. வடிகால் எங்கே போய்த் திறக்கிறது, அங்கே வெள்ளம் ஓடும்போது அதன் மட்டம் உங்கள் தெருவைவிட உயர்ந்துவிடுமா என்பது கடைசி அளவுகோல். உயர்ந்தால் வடிகால் பின்தேங்கும். வெளியே கொண்டுபோக வேண்டிய குழாய் உள்ளே கொண்டுவரும்.

## ஏரி உள்வாய்

கரைக்கு உட்புறம், ஏரி நிரம்பும்போது தண்ணீர் பரவும் நிலம் உள்வாய். ஏரியின் நடுப்பகுதி நீர்நிலைப் புறம்போக்காக இருக்கும். ஓரங்களில் தண்ணீர் வடிந்த பிறகு பயிர் செய்துகொள்ளும் பட்டா நிலங்களும் பல ஊர்களில் உண்டு. இந்தப் பட்டா நிலங்கள்தான் மனைகளாக மாறி விற்பனைக்கு வருகின்றன. பட்டா உண்மையானது, பத்திரம் செல்லும், ஆனால் அந்த நிலத்தில் தண்ணீர் நிற்பதற்காகவே நம் முன்னோர் கரை எழுப்பினார்கள் என்ற செய்தி எந்தப் பத்திரத்திலும் எழுதப்பட்டிருக்காது.

கரையை வெட்டி ஏரியை வடித்துவிட்டால் உள்வாய் உள்வாயாக இல்லாமல் போய்விடும் என்ற நம்பிக்கைக்குத் தியாகராய நகர் நூறு வயதுச் சான்று. 1920-களில் அங்கிருந்த நெடிய ஏரியை வடித்து அந்தக் குடியிருப்பை உருவாக்கினார்கள். மேற்கு மாம்பலத்தின் லேக் வியூ ரோடும் நுங்கம்பாக்கத்தின் டேங்க் பண்ட் ரோடும் பழைய நீர்நிலைகளின் பெயரை இன்னும் சுமந்துகொண்டிருக்கின்றன. நல்ல சாலை, வடிகால், மின்மோட்டார் எல்லாம் இருந்தும் 2021 நவம்பர் மழையில் தியாகராய நகரின் தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. வேளச்சேரியின் நிலையும் இதை ஒட்டியதுதான். அங்கே ஏரியின் பெரும்பகுதி குடியிருப்பாகிவிட்டது. அந்தப் பகுதியின் தண்ணீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போய், ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கோவளம், முட்டுக்காடு பக்கம் கடலைச் சேர வேண்டும். அவ்வளவு நீண்ட, தட்டையான வழியில் ஓர் இடத்தில் நெருக்கடி ஏற்பட்டாலும் பின்னால் இருக்கும் தெருக்கள் காத்திருக்க வேண்டியதுதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது நடந்தது அதுவே.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மனைப்பிரிவில் வீடு வாங்கிய ஒருவருக்காக மட்டம் எடுக்கப் போனேன். வீட்டின் பேஸ்மட்டம் சாலையிலிருந்து 3 அடி உயரத்தில் இருந்தது. விற்றவர் அதைக் காட்டித்தான் விற்றிருந்தார். அரை கிலோமீட்டர் நடந்து, முள்செடிக்குள் மறைந்திருந்த பழைய கலங்கலைக் கண்டுபிடித்தோம். கருங்கல் வரிசையின் தலையில் காய்ந்த பாசி வெள்ளையாக ஒட்டியிருந்தது. அதன் மேல் மட்டக்கோலை நிறுத்திக் கணக்குப் போட்டபோது, வீட்டின் தரை அந்தக் கல்லைவிட 40 செ.மீ. தாழ்ந்திருந்தது. ஏரி நிரம்பி வழியத் தொடங்கும்போதே அந்த வீட்டின் கூடத்தில் முழங்காலளவு தண்ணீர் இருக்கும் என்பதே அந்த எண்ணின் பொருள். வாங்கியவர் வெகுநேரம் அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்திருந்தார்.

மறைமுகச் செலவுகளில் முதலாவது மண். ஒரு கிரவுண்டை 3 அடி உயர்த்த 7,200 கன அடி, அதாவது 72 யூனிட் மண் வேண்டும். கொட்டிய மண் இறுகும் என்பதால் நடைமுறையில் 90 யூனிட் வரை போகும், 3 யூனிட் கொள்ளும் லாரியில் முப்பது நடை. கொட்டிய மண்ணின் மேல் அடித்தளம் போடக் கூடாது என்பதால் பழைய களிமண்ணையும் தாண்டி உறுதியான மண் வரை தோண்ட வேண்டும். அது இரண்டாவது செலவு. மூன்றாவது செலவை நீங்கள் கொடுப்பதில்லை, பக்கத்து வீட்டார் கொடுக்கிறார்கள்: உங்கள் மனையில் நின்றிருக்கக்கூடிய 2 லட்சம் லிட்டர் தண்ணீர் அவர்களிடம் போகிறது. அவர்களும் உயர்த்துவார்கள், பிறகு சாலை உயரும், பத்தாண்டில் நீங்கள் பள்ளமாகிவிடுவீர்கள். இதோடு சட்டச் சிக்கலும் உண்டு. ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்புகளை அகற்றவும் தமிழ்நாட்டில் 2007-ல் தனிச் சட்டமே இயற்றப்பட்டிருக்கிறது. உங்கள் சர்வே எண் பட்டாவாக இருந்தாலும், உங்களுக்குச் செல்லும் சாலை புறம்போக்கில் இருந்தால் பாதிப்பு உங்களுக்கும்தான்.

இதன் நன்மைகளையும் சொல்லியாக வேண்டும். நிலத்தடி நீர் நன்றாக இருக்கும், விலை குறைவாக இருக்கும், தண்ணீர் மெதுவாக ஏறுவதால் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள நேரம் கிடைக்கும். முழு நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும் உள்வாய் ஓரத்தில், கீழ்த்தளம் வாகனம் நிறுத்துவதற்கு மட்டும் விடப்பட்ட அடுக்குமாடியில் மேல்தள வீடு வாங்குவதை நான் தடுப்பதில்லை. தனி வீடு கட்ட உள்வாய் மனையை வாங்க வேண்டாம் என்றே சொல்வேன்.

## ஆயக்கட்டு

கரைக்கு வெளிப்புறம், ஏரித் தண்ணீர் பாய்ந்து நெல் விளைந்த நன்செய் நிலம் ஆயக்கட்டு. இங்கே அன்றாட மழை வடிவதற்கு இயற்கையான சரிவு உண்டு. வயலுக்கு வயல் வடிகால் வாய்க்காலும் இருந்தது. அந்த வாய்க்கால்கள் மனைப்பிரிவின் வரைபடத்தில் இருக்கின்றனவா, அல்லது அவற்றின் மேல் யாருடைய படுக்கையறையாவது நிற்கிறதா என்பதைப் பொறுத்தே ஆயக்கட்டு மனையின் தரம் அமையும். புல வரைபடத்தில் இரட்டைக் கோடாகக் காணப்படும் ஒரு சிறு வாய்க்காலைத் தரையில் தேடிப் பார்த்துக் காணவில்லை என்றால், அதன் தண்ணீர் புதிதாக ஒரு வழியைத் தேடிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

ஆயக்கட்டின் பெரிய அபாயம் கரை உடைப்பு. முழு நீர்மட்டத்துக்கும் கரையின் உச்சிக்கும் இடையே விடப்படும் வெற்றுயரத்தைப் பொறியாளர்கள் ப்ரீபோர்டு என்பார்கள். அலையும் எதிர்பாராத வரத்தும் கரையைத் தாண்டாமல் காப்பது அந்த உயரம். ஆடுமாடும் வண்டியும் ஏறி இறங்கித் தேய்ந்த இடத்தில் அந்த வெற்றுயரம் குறைந்துபோயிருக்கும். கரை உடைவது பெரும்பாலும் அங்கேதான். தொடர் ஏரியில் மேல் ஏரி உடைந்தால் அதன் தண்ணீர் மொத்தமும் கீழ் ஏரியில் விழுந்து அதையும் உடைக்கக்கூடும். இன்னொரு மாற்றத்தையும் கவனிக்க வேண்டும்: விவசாயம் நடந்த காலத்தில் மதகைத் திறக்கவும் கரையைச் செப்பனிடவும் ஊரில் ஆள் இருந்தார்கள், ஏரியில் தண்ணீர் இறங்கி அடுத்த மழைக்கு இடம் இருந்தது. பயிர் நின்றுபோன ஊரில் ஏரி அக்டோபரிலேயே நிரம்பி நிற்கிறது; நவம்பர் மழைக்கு உள்ளே இடம் இல்லை, அத்தனையும் கலங்கலில் வழிகிறது.

அதனால் ஆயக்கட்டுக்குள்ளும் இடம் பார்த்து வாங்க வேண்டும். கரையை ஒட்டிய நிலத்தில் கசிவும் ஊற்றும் இருக்கும். செப்டிக் டேங்க் மழைக்காலத்தில் இறங்காது. கலங்கலிலிருந்து புறப்படும் போக்குக் கால்வாயின் இருபுறமும் கூடாது. கடைமடையும் ஆபத்தானது, ஏனென்றால் தொடர் ஏரியில் ஓர் ஏரியின் ஆயக்கட்டு முடியும் இடத்தில் அடுத்த ஏரியின் உள்வாய் தொடங்கிவிடுகிறது. போக்குக் கால்வாயிலிருந்து விலகிய நடுப்பகுதியில், வாய்க்கால்கள் உயிரோடு இருக்கும் மனைப்பிரிவில், பேஸ்மட்டத்தை நன்றாக உயர்த்திக் கட்டினால் ஆயக்கட்டு நடுத்தரக் குடும்பத்துக்கு ஏற்ற இடமே. களிமண் என்பதால் அடித்தளத்துக்குக் கூடுதலாகச் செலவாகும். அதைக் கட்டுமானச் செலவில் மறைக்காமல் மனை விலையோடு சேர்த்து எழுதிப் பாருங்கள்.

## ஆற்றோரம்

அடையாறு ஏறத்தாழ 42 கி.மீ. நீளமே உள்ள சிறிய ஆறு. ஆண்டின் பெரும்பகுதி அதில் ஓடுவது ஊரின் கழிவுநீர்தான். அதன் வெள்ளச்சமவெளி எவ்வளவு அகலமானது என்பதை 2015 டிசம்பர் 1 இரவும் 2-ம் தேதியும் காட்டின. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை பதிவானது, ஒரு நாளில் 20 செ.மீ. தாண்டினாலே வானிலை ஆய்வுத் துறை அதை அதி கனமழை என்று வகைப்படுத்துகிறது. 3.645 டி.எம்.சி. கொள்ளளவுள்ள செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி, அதாவது நொடிக்கு 8 லட்சம் லிட்டருக்கு மேல், திறக்கப்பட்டது. ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று கரையோரம் முழுவதும் தண்ணீர் வீடுகளின் முதல் மாடியை நோக்கி ஏறியது.

இங்கே ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். முடிச்சூரும் வரதராஜபுரமும் செம்பரம்பாக்கத்தின் மிகைநீர் ஆற்றில் சேரும் இடத்துக்கு மேலே இருப்பவை. அங்கே புகுந்தது ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளிலிருந்து வந்த தண்ணீர். அந்த ஊர்களில் மனை பார்ப்பவர் செம்பரம்பாக்கத்தின் நீர்மட்டத்தை நாளிதழில் படித்து ஆறுதல் அடைந்தால் அது தவறான அளவைப் பார்ப்பதாகும். உங்கள் மனைக்கு மேலே எந்த நீர்ப்பிடிப்பு இருக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

வெள்ளச்சமவெளிக்குள் இரண்டு பகுதிகள் உண்டு. ஆற்றை ஒட்டிய பகுதியில் வெள்ளம் ஓடும். அங்கே சுற்றுச்சுவர் நிற்காது, ஆளும் நிற்க முடியாது. அதற்கு அப்பால் வெள்ளம் ஒதுங்கி நிற்கும். ஆழம் இருந்தாலும் இழுப்பு குறைவு. முதல் பகுதியில் எந்த விலைக்கும் வாங்கக் கூடாது. இரண்டாம் பகுதியில் ஆற்றின் வெள்ள மட்டம் தெரிந்து அதற்கு மேல் தரை அமைத்தால் வாழலாம், ஆனால் ஆற்றிலிருந்து 500 மீட்டர் தள்ளி இருக்கிறோம் என்ற தூரக் கணக்கை நம்ப வேண்டாம். தெருவின் மழைநீர் வடிகால் ஆற்றில் திறக்கிறது என்றால், ஆறு உயரும்போது அந்த வடிகால் வழியாகவே ஆறு தெருவுக்கு வரும். வடிகால் வாயில் தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடும் கதவு இருக்கிறதா, அது துருப்பிடிக்காமல் மூடுகிறதா என்று போய்ப் பாருங்கள். கடலுக்கு அருகில் என்றால் இன்னும் இரண்டு காரணங்கள் சேரும்: முகத்துவாரத்தில் மணல்திட்டு சேர்ந்திருந்தால் வெள்ளம் வெளியேறத் தாமதமாகும், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய உயர் ஓதத்தில் கடலே அந்த வழியை உயர்த்திப் பிடிக்கும்.

ஆற்றோரத்தின் நல்ல குணம், வெள்ளம் வந்த வேகத்திலேயே பெரும்பாலும் வடிந்துவிடுவது. உள்வாயைப் போல வாரக்கணக்கில் தேங்குவது குறைவு. நகரத்துக்கு அருகில் இருப்பதும், பள்ளி, மருத்துவமனை, இரயில் நிலையம் பக்கத்தில் அமைவதும் உண்மையான பயன்கள். மறைமுகச் செலவாகக் காப்பீட்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் வழங்கும் பாரத் கிருஹ ரக்‌ஷா பாலிசியில் வெள்ள இழப்பும் அடங்கும். கட்டடத்துக்கு எடுக்கும்போது வீட்டுப் பொருள்களுக்கும் காப்புத் தொகையில் 20 விழுக்காடு, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை, தானாகவே சேரும். வங்கி கேட்பதால் கடன் தொகைக்கு மட்டும் காப்பீடு எடுத்துவிட்டு, கட்டடத்தின் முழு மதிப்புக்கும் எடுத்ததாக நினைத்துக்கொள்வது பலர் செய்யும் தவறு.

## மேடு

பல்லாவரம், வண்டலூர் போலக் குன்றும் பாறையும் உள்ள பக்கங்களில் நிலம் உயர்ந்திருக்கிறது. வெள்ளத்தை மட்டும் பார்த்தால் இதற்கு இணை இல்லை. ஆனால் மேட்டில் வெள்ளம் வராததற்கும் கோடையில் தண்ணீர் இல்லாததற்கும் காரணம் ஒன்றே. பாறையில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் செலவும், மார்ச் முதல் லாரித் தண்ணீர் வாங்கும் செலவும் ஆண்டுதோறும் வரும். உள்வாயின் வெள்ளச் செலவு சில ஆண்டுகளுக்கு ஒரு முறை வருகிறது என்றால் இது தவறாமல் வரும். மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம் என்றாலும், பாறை நிலத்தில் உறைக்கிணறு உறிஞ்சுவது குறைவு. தொட்டியில் சேமிப்பதே பயன்படும்.

மேடு என்று விற்கப்படும் எல்லாம் மேடும் அல்ல. குன்றின் அடிவாரத்து மனை வரைபடத்தில் உயரமாகத் தெரியும். மழையில் குன்றின் தண்ணீர் முழுவதும் அதன் வழியாகத்தான் இறங்கும். தெருவின் நடுப்பகுதி இரு முனைகளையும்விடத் தாழ்ந்திருந்தால் மேட்டிலும் ஒரு குட்டை உண்டாகும். பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும் என்ற அறிவுறுத்தல் இருக்கிறது. உங்கள் தெருவில் அது நடக்கிறதா என்பதை வாசற்படிகளின் எண்ணிக்கையே சொல்லும். மூன்று படி இருந்த வீட்டில் இப்போது ஒன்றுதான் தெரிகிறது என்றால் நடக்கவில்லை.

## நான்கையும் அருகருகே வைத்தால்

| அளவுகோல் | உள்வாய் | ஆயக்கட்டு | ஆற்றோரம் | மேடு |
|---|---|---|---|---|
| தண்ணீர் எங்கிருந்து | ஏரியின் முழு நீர்ப்பிடிப்பு | மிகைநீர், கசிவு, கரை உடைப்பு | ஆற்றின் முழு நீர்ப்பிடிப்பு | குன்றின் சரிவு, தெரு மழை |
| பார்க்க வேண்டிய மட்டம் | கலங்கல் மட்டம் | கரை உச்சி, போக்குக் கால்வாய் | ஆற்றின் வெள்ள மட்டம், வடிகால் வாய் | தெருவின் தாழ்ந்த புள்ளி |
| ஆழமும் வேகமும் | நடுத்தர ஆழம், இழுப்பு இல்லை | வழக்கமாகக் குறைவு, உடைந்தால் மிக வேகம் | மிகுந்த ஆழம், கரையருகே இழுப்பு | குறைவு |
| நிற்கும் காலம் | பல நாள் முதல் வாரம் வரை | ஓரிரு நாள் | ஓரிரு நாள் | மணிக்கணக்கு |
| மறைமுகச் செலவு | மண் நிரப்பல், ஆழ அடித்தளம், சட்டச் சிக்கல் | களிமண் அடித்தளம், செப்டிக் டேங்க் | காப்பீடு, மறுவிற்பனை விலை | ஆழ்துளைக் கிணறு, லாரித் தண்ணீர் |
| நிலத்தடி நீர் | நன்று | நன்று | கழிவுநீர் கலக்கும் ஆறென்றால் ஐயம் | குறைவு |

## யாருக்கு எது பொருந்தும்

படி ஏற முடியாத பெரியவர்களோ, மின்சாரத்தை நம்பிய மருத்துவக் கருவி தேவைப்படுபவரோ வீட்டில் இருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் உள்வாயும் ஆற்றோரமும் வேண்டாம். அவர்களுக்கு மேட்டில் சிறிய வீடே போதும். லாரித் தண்ணீரின் செலவை முன்கூட்டியே மாதச் செலவில் எழுதிவிடலாம், டிசம்பர் இரவில் படகு தேடுவதை எழுதிவைக்க முடியாது. வேலை நகரத்துக்குள் இருந்து, பயண நேரம் குடும்பத்தை வாட்டுகிறது என்றால், வெள்ளம் ஒதுங்கும் பகுதியில் தூண்களின் மேல் எழுப்பிய அடுக்குமாடியில் இரண்டாம் தளத்துக்கு மேல் ஒரு வீடு நியாயமான தேர்வு. மின்மாற்றியும் ஜெனரேட்டரும் லிப்ட்டின் மோட்டாரும் எந்த உயரத்தில் இருக்கின்றன என்று பார்த்த பிறகே. சொந்தமாகத் தனி வீடு கட்டியே தீர வேண்டும், பணம் அளவோடுதான் இருக்கிறது என்பவருக்கு நான் காட்டுவது ஆயக்கட்டின் நடுப்பகுதியை. ஏற்கெனவே உள்வாயில் வீடு கட்டி வாழ்பவர்கள் ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்குவது பற்றிக் கேட்கிறார்கள். வீடு உயரும், ஆனால் தெருவும் கழிவுநீர்க் குழாயும் குடிநீர்த் தொட்டியும் பழைய மட்டத்திலேயே இருக்கும் என்பதையும் சேர்த்து எடைபோட்டு முடிவு செய்ய வேண்டும்.

## முன்பணம் கொடுப்பதற்கு முன்

கிராமத்தின் அ-பதிவேட்டில் உங்கள் சர்வே எண்ணுக்கு எதிரே நன்செய் என்று இருந்தால் பாசன ஏரியின் பெயரும் இருக்கும். நீங்கள் யாருடைய ஆயக்கட்டில் நிற்கிறீர்கள் என்பது அங்கேயே தெரிந்துவிடும். தாழ்வான இடத்தில் மனைப்பிரிவுக்கு அனுமதி வாங்கும்போது நீர்வளத் துறையின் தடையின்மைக் கடிதம் கேட்கப்படுகிறது. மனையை எந்த மட்டம் வரை உயர்த்த வேண்டும் என்ற நிபந்தனை மீட்டர் கணக்கில் அதில் எழுதப்பட்டிருக்கும். விற்பவரிடம் அந்தக் கடிதத்தின் நகலைக் கேளுங்கள், பிறகு மட்டம் எடுப்பவரை அழைத்து, அந்த எண்ணுக்கு நிலம் உண்மையில் வந்திருக்கிறதா என்று சரிபாருங்கள். கைப்பேசியில் காட்டும் உயரத்தை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். செயற்கைக்கோள் வரைபடங்களின் பிழை சில மீட்டர் வரை போகும், நீங்கள் தேடும் வித்தியாசமோ முழம் கணக்கில் இருக்கிறது.

மட்டக்கருவி இல்லாமல் பார்க்கக்கூடியவையும் உண்டு. அந்தத் தெருவில் பத்து ஆண்டுக்கு மேல் ஆன வீடுகளின் மின் மீட்டர் பெட்டி எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். இடுப்பளவில் இருந்த பெட்டியைக் கழற்றித் தலைக்கு மேல் மாட்டியிருந்தால் பழைய திருகாணித் துளைகள் சுவரில் தெரியும். தண்ணீர் மோட்டாரைச் செங்கல் மேடை கட்டி ஏற்றியிருக்கிறார்களா, கூடத்துச் சுவரில் தரையிலிருந்து ஓர் உயரம் வரை மட்டும் பெயிண்ட் வேறு நிறத்தில் இருக்கிறதா, மளிகைக் கடையில் அரிசி மூட்டை எந்தத் தட்டில் அடுக்கப்பட்டிருக்கிறது என்பதையெல்லாம் கவனியுங்கள். அந்தக் கடைக்காரரிடம் 2015, 2021, 2023 ஆகிய மூன்று ஆண்டுகளைத் தனித்தனியாகச் சொல்லி, தண்ணீர் எந்தப் படி வரை வந்தது, எந்தத் திசையிலிருந்து வந்தது, எத்தனையாவது நாள் கடையைத் திறந்தார் என்று கேளுங்கள். அவர் கை காட்டும் படியில் ஒரு கோடு போட்டுக்கொண்டு, மேஸ்திரிகள் வைத்திருக்கும் தண்ணீர்க்குழாய் மட்டத்தால் அந்தக் கோட்டை உங்கள் மனை வரை கொண்டுவந்து ஒரு குச்சியில் குறித்துவிட்டால், எந்தப் பேஸ்மட்டத்துக்கு வீடு கட்ட வேண்டியிருக்கும் என்பதும் அந்த மனையின் உண்மையான விலை என்ன என்பதும் அந்தக் குச்சியிலிருந்தே கணக்கிட வரும்.